மூக்குக்கண்ணாடிக்காகப் பதவி விலகிய அமைச்சர்: அனைரின் பெவனும் நலன்புரி அரசும்

1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரித்தானிய அமைச்சரவையிலிருந்து ஒருவர் பதவி விலகினார். அவர் மீது ஊழல் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. வேறு கட்சிக்குத் தாவவும் இல்லை. மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் ஆகும் செலவில் பாதியை நோயாளிகளிடம் அறவிடுவது என்று அவருடைய சொந்த அரசாங்கமே எடுத்த முடிவை ஏற்க முடியாமல் அவர் வெளியேறினார். அவர் பெயர் அனைரின் பெவன். லண்டனிலும் பேர்மிங்காமிலும் வாழும் எங்கள் உறவினர்கள் கையில் காசில்லாமல் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறார்களே, அந்த என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவையை உருவாக்கியவர் அவர்தான்.

பெவனைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 'நலன்புரி' என்ற சொல்லால்தான். வன்னியில் யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது 2009ஆம் ஆண்டும் மெனிக் பாமும். முட்கம்பி வேலிக்குள் இலட்சக்கணக்கான மக்களை வைத்திருந்த இடங்களை அரசாங்கம் நலன்புரி நிலையங்கள் என்றே அழைத்தது. அதன் பிறகு அந்தச் சொல் எங்களிடம் வந்ததெல்லாம் பட்டியல்களாகத்தான். சமுர்த்திப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல், இப்போது அஸ்வெசும பட்டியல். பெயர் வந்ததா, வெட்டுப்பட்டதா என்று பார்ப்பதே நலன்புரி என்றாகிவிட்டது. ஆனால் உலகில் நலன்புரி அரசு என்ற எண்ணம் தோன்றியபோது அதன் பொருள் வேறாக இருந்தது. அந்தப் பொருளைப் பெவனின் வாழ்க்கையை வைத்துச் சொன்னால் இலகுவாக விளங்கும்.

நிலக்கரித் தூசிக்குள்

தெற்கு வேல்ஸில் உள்ள ட்ரெடீகர் ஒரு நிலக்கரி நகரம். சுரங்கக் கம்பனியே அங்கு எல்லாம். 1897 நவம்பர் 15ஆம் திகதி அந்த ஊரின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் பெவன் பிறந்தார். தாய் தையல் வேலை செய்தவர். அவருக்குப் பிறந்த 10 பிள்ளைகளில் சிலர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். பெவனுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் அது அவரைப் பெரும்பாடு படுத்தியது. 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

ஊரில் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து காசு சேர்த்து நடத்திய ஒரு நூலகம் இருந்தது. பெவனின் உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். மலைச்சரிவுகளில் நடந்துகொண்டே கவிதைகளை உரத்துச் சொல்லித் தன் நாக்கைப் பழக்கினார். எந்தச் சொல்லில் திக்குமோ அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தேடிப் பிடித்தார். அப்படித் தேடித் தேடியே அவருடைய சொல்வளம் பெருகியது. பிற்காலத்தில் பாராளுமன்றத்தில் சேர்ச்சிலுக்கு நிகராகப் பேசக்கூடியவர் என்று பெயரெடுத்தவரின் பேச்சு இப்படித்தான் உருவானது.

19 வயதில் தன் சுரங்கத் தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவரானார். இருட்டில் வேலை செய்யும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும், கண்மணி நிலைகொள்ளாமல் ஆடும் நோய் அவருக்கும் இருந்தது. 1919இல் தொழிற்சங்கத்தின் செலவில் லண்டனில் உள்ள தொழிலாளர் கல்லூரிக்குப் படிக்கப் போனார். 1921இல் திரும்பி வந்தபோது சுரங்கக் கம்பனி அவரைத் திரும்பச் சேர்க்க மறுத்துவிட்டது. 1924 வரை வேலை இல்லை. கிடைத்த வேலையும் 10 மாதங்களில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டதோடு போயிற்று.

1925இல் அவருடைய தந்தை இறந்தார். வருடக்கணக்காகச் சுவாசித்த நிலக்கரித் தூசி நுரையீரலை அடைத்துவிட்டது. நட்டஈட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் அந்த நோய் அப்போது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. எனவே குடும்பத்துக்குக் கம்பனியிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நோய் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைப் பெவன் தன் வீட்டிலேயே பார்த்துவிட்டார்.

ஒரு சிறிய ஊர் காட்டிய வழி

அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் வைத்தியம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1911இல் வந்த தேசியக் காப்புறுதிச் சட்டம் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு மட்டுமே வைத்தியரை உறுதிசெய்தது. அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை. அதனால் வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நோயை வருடக்கணக்காகச் சுமந்துகொண்டு திரிந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

ட்ரெடீகரில் நிலைமை வேறு. 1890இல் தொடங்கிய வைத்திய உதவிச் சங்கம் ஒன்று அங்கு இருந்தது. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை செய்தவர்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை வாரந்தோறும் கொடுத்தார்கள். சங்கம் வைத்தியர்களை வேலைக்கு அமர்த்தியது. மருந்து, பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதன்மூலம் கிடைத்தன. குடும்பத்தினரும் உள்ளடங்கினர். ஒரு கட்டத்தில் ஊரின் மிகப் பெரும்பான்மையோர் அதன் பயனாளிகளாக இருந்தார்கள். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஏ.ஜே. குரோனின் 1920களில் அங்கு வைத்தியராக வேலை செய்தவர். ஊர் வைத்தியசாலையின் நிர்வாகக் குழுவில் பெவனும் இருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு முழு நாட்டுக்குமான திட்டத்தைப் பெவன் வகுத்தபோது அவர் மனதில் இருந்தது இந்தச் சங்கம்தான். ஏழைகளுக்கு யாரோ பணக்காரர் செய்த தருமமல்ல அது. எல்லோரும் இயன்றதைக் கொடுத்து, தேவைப்பட்டவர் தேவையானதைப் பெற்ற ஏற்பாடு. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஆட்கள் என்பதால் யாரும் யாருக்கும் கைகட்டி நிற்கவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்த விசாரணை

1929இல் எபு வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் உறுப்பினராகப் பெவன் பாராளுமன்றம் போனார். சாகும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. அவர் உள்ளே போன வருடமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1931இல் அரசாங்கம் வேலையற்றோருக்கான நிவாரணத்தில் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. காப்புறுதிக் கொடுப்பனவு முடிந்த பிறகும் உதவி வேண்டுமானால் முழு வீட்டின் வருமானமும் விசாரிக்கப்படும். அதிகாரி வீட்டுக்கு வருவார். மகள் என்ன உழைக்கிறாள், பாட்டிக்கு ஓய்வூதியம் எவ்வளவு, வீட்டில் விற்கக்கூடிய தளபாடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். மகன் உழைத்தால் தகப்பனின் நிவாரணம் வெட்டப்படும். தகப்பனின் நிவாரணம் வெட்டுப்படாமல் இருக்க வளர்ந்த பிள்ளைகள் வீட்டைவிட்டே வெளியேறினார்கள். அயலவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த சம்பவங்களும் நடந்தன. பெவன் பாராளுமன்றத்தில் மிகக் கடுமையாக எதிர்த்த விடயங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பகுதியை வாசித்தபோது அஸ்வெசும பற்றி நான் எழுதப்போன இடங்கள் நினைவுக்கு வந்தன. 2023இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது குடும்பங்கள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. கொடுப்பனவு மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை. வீடு, காணி, வாகனம், மின்சாரப் பாவனை என்று பலவற்றுக்கும் புள்ளி. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பேசிய அம்மா ஒருவர் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். கூலி வேலைக்குப் போகிறவர். தகரக் கொட்டிலில் இருந்திருந்தால் தன் பெயர் பட்டியலில் வந்திருக்கும் என்று அவர் நம்புகிறார். அவர் நினைப்பது சரியா பிழையா என்று எனக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மேன்முறையீடு செய்தும் அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. தன் பெயர் ஏன் வரவில்லை என்பதைவிட, அடுத்த வீட்டுக்காரியின் பெயர் எப்படி வந்தது என்பதே அவரை அதிகம் வருத்தியது. இடப்பெயர்வின்போது ஒரே பங்கருக்குள் இருந்தவர்கள் அவர்கள் இருவரும்.

வசதி இல்லாதவரை மட்டும் தேடிக் கொடுத்தால் செலவு குறையும் என்பது இந்த முறையை ஆதரிப்பவர்களின் வாதம். கடனில் மூழ்கிய நாட்டில் அதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. ஆனால் ஏழ்மையை நிரூபித்தால்தான் உதவி என்றால், மனிதர் தன் ஏழ்மையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னேறினால் தண்டனை. 1930களின் வேல்ஸில் நடந்தது அதுதான்.

குண்டுகளுக்கு நடுவே ஒரு அறிக்கை

1942 டிசம்பரில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, வில்லியம் பெவரிட்ஜ் தன் அறிக்கையை வெளியிட்டார். பெயர்கள் ஒத்திருந்தாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள். பெவரிட்ஜ் வங்காளத்தின் ரங்பூரில் ஆங்கிலேய நிர்வாக அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர், லிபரல் சிந்தனையாளர். வறுமை, நோய், அறியாமை, அசுத்தமான வாழ்விடம், வேலையின்மை ஆகிய ஐந்தையும் ஒன்றாக எதிர்க்க வேண்டும் என்றார். அலுப்பூட்டும் அரச ஆவணம் ஒன்றை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். பிரதிகள் இலட்சக்கணக்கில் விற்றன. யுத்தம் முடிந்ததும் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப மக்கள் விரும்பவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

1945 தேர்தலில், யுத்தத்தை வென்றுகொடுத்த சேர்ச்சிலை மக்கள் தோற்கடித்தார்கள். தொழிற்கட்சியின் கிளமென்ட் அட்லி பிரதமரானார். 47 வயதான பெவனிடம் சுகாதாரமும் வீடமைப்பும் ஒப்படைக்கப்பட்டன. அமைச்சரவையில் வயதில் இளையவர் அவர்.

அப்போதைய பிரித்தானியாவின் நிலையைக் கவனிக்க வேண்டும். நகரங்கள் குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்தன. அமெரிக்காவிடம் 3.75 பில்லியன் டொலர் கடன் வாங்கித்தான் நாடு நடந்தது. யுத்த காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத பாண், 1946 முதல் 1948 வரை பங்கீட்டில் கொடுக்கப்பட்டது. காசு வந்த பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைக்க எல்லா நியாயமும் இருந்தது. அப்படி ஒத்திவைக்காததுதான் அந்த அரசாங்கத்தின் பெருமை.

வைத்தியர்களோடு ஒரு போராட்டம்

1946இல் தேசிய சுகாதார சேவைச் சட்டம் நிறைவேறியது. பழமைவாதக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. சட்டத்தின் அடிப்படை மூன்று. வைத்தியம் எல்லோருக்கும். பெறும் இடத்தில் கட்டணம் இல்லை. செலவு பெரும்பாலும் பொது வரியிலிருந்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 2,688 வைத்தியசாலைகள் அரசின் கீழ் வந்தன. உள்ளூராட்சி மன்றங்களின் வைத்தியசாலைகளை அவற்றிடமே விடவேண்டும் என்று அமைச்சரவைக்குள்ளேயே ஹேர்பேர்ட் மொரிசன் எதிர்த்தார். அப்படி விட்டால் பணக்கார ஊருக்கு நல்ல வைத்தியமும் ஏழை ஊருக்கு மோசமான வைத்தியமும் என்ற நிலை தொடரும் என்று பெவன் வாதாடி வென்றார்.

வைத்தியர்கள் அவ்வளவு இலகுவில் இணங்கவில்லை. அரசாங்கத்தின் சம்பள ஊழியர்களாகிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. 1948 பெப்ரவரியில் பிரித்தானிய வைத்தியர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 10இல் 9 பேர் எதிர்த்தார்கள். சேவை தொடங்க ஐந்து மாதங்கள்கூட இல்லை. பெவன் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே விட்டுக்கொடுக்காமல் நிற்பது என்று தெரிந்தவர். விசேட வைத்திய நிபுணர்கள் தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று இணங்கினார். குடும்ப வைத்தியர்களை முழுநேரச் சம்பளக்காரர்களாக மாற்றமாட்டோம் என்பதைச் சட்டத்திலேயே எழுதினார். வைத்தியர்கள் தங்கள் தொழிலிடத்தை விற்கும் உரிமையை நிறுத்தியதற்காக 66 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கினார். நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பதில் மட்டும் இறங்கி வரவில்லை.

தொடங்குவதற்கு முதல் நாள் மன்செஸ்டரில் பேசிய கூட்டத்தில், தன் இளமைக்காலப் பட்டினியை நினைத்து, பழமைவாதக் கட்சியினரைப் புழுபூச்சிகளைவிடக் கீழானவர்கள் என்ற பொருளில் ஏசிவிட்டார். அந்தப் பேச்சு அவருக்கும் கட்சிக்கும் பெரிய சேதத்தை உண்டாக்கியது. கோபம் அவருடைய பலம், பலவீனமும் அதுவே.

1948 ஜூலை 5ஆம் திகதி சேவை தொடங்கியது. அதுவரை வெளியே வராத நோய்கள் எல்லாம் வெளியே வந்தன. பிள்ளைப்பேற்றில் கருப்பை இறங்கியும் வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்த பெண்கள் வந்தார்கள். குடலிறக்கத்தைப் பட்டியால் கட்டிக்கொண்டு வேலை செய்த ஆண்கள் வந்தார்கள். சில்லறைக் கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மலிவுக் கண்ணாடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாகக் கண் வைத்தியரிடம் போனார்கள். முதல் ஆண்டில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. மக்கள் இலவசம் என்பதால் அள்ளுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அத்தனை பேர் அதுவரை கண் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டவர்கள் வந்து இலவச வைத்தியம் பெறுகிறார்கள் என்ற கூச்சலும் அன்றே எழுந்தது. யார் உள்நாட்டவர், யார் வெளிநாட்டவர் என்று வாசலில் நின்று பிரிப்பது நோயாளி எல்லோருக்கும் தொல்லையாகும் என்று பெவன் அதை மறுத்தார். பிற்காலத்தில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த எங்கள் மக்கள் அந்த வாசலால்தான் உள்ளே போனார்கள். தெற்காசியாவிலிருந்து போன வைத்தியர்கள் வேல்ஸின் சுரங்கக் கிராமங்களிலும் அந்தச் சேவையைத் தாங்கி நின்றார்கள். பிரித்தானிய வைத்தியசாலைகளில் பணியாற்றிய ஈழத் தமிழ் வைத்தியர்களும் பலர்.

துப்பாக்கியா, கண்ணாடியா

1950இல் கொரிய யுத்தம் தொடங்கியது. அமெரிக்காவின் பக்கம் நின்ற பிரித்தானியா, மூன்று வருடங்களில் 4,700 மில்லியன் பவுண் படைத்துறைக்குச் செலவிடும் திட்டத்தை அறிவித்தது. நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் 1951 வரவு செலவுத் திட்டத்தில் மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் கட்டணம் வைத்தார். அதனால் அந்த வருடம் கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட தொகை 13 மில்லியன் பவுண். தொழிலமைச்சராக இருந்த பெவன் பதவி விலகினார். பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் வில்சனும் அவரோடு விலகினார்.

பெவனின் நிலைப்பாட்டில் முரண்பாடு இல்லாமல் இல்லை. 1949இல் மருந்துச்சீட்டுக்கு ஒரு ஷில்லிங் அறவிடும் அதிகாரத்தைச் சட்டத்தில் சேர்க்க அவரே உடன்பட்டிருந்தார். அது நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டார் என்பது வேறு கதை. பதவி ஆசை, கெய்ட்ஸ்கெல் மீதான பொறாமை என்றும் விமர்சித்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4,700 மில்லியனுக்கு முன்னால் 13 மில்லியன். படைச்செலவுத் திட்டத்தை நாட்டால் தாங்க முடியாது என்று பெவன் எச்சரித்தார். அந்த வருடம் முடிவதற்குள் ஆட்சி மாறியது. புதிதாகப் பிரதமரான சேர்ச்சிலே அந்தத் திட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கான கட்டணமோ அப்படியே இருந்தது.

அதன் பிறகு பெவன் அமைச்சராகவில்லை. 1955இல் கட்சித் தலைமைப் போட்டியில் கெய்ட்ஸ்கெலிடம் தோற்றார். 1956இல் சுயஸ் படையெடுப்பை எதிர்த்து டிரஃபல்கர் சதுக்கத்தில் பேசினார். 1957இல் அணுகுண்டை ஒருதலைப்பட்சமாகக் கைவிடுவதை எதிர்த்ததால் சொந்த ஆதரவாளர்களின் மனத்தை நோகடித்தார். 1960 ஜூலை 6ஆம் திகதி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 62. அவர் உருவாக்கிய சேவைக்கு 12 வருடங்களும் ஒரு நாளும்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

பிரித்தானியா கண்ணாடிக்குக் கட்டணம் வைத்த அதே 1951இல் இலங்கை அரச வைத்தியசாலைகளில் நோயாளர் கட்டணத்தை நீக்கியது. இலவசக் கல்வி அதற்கு முன்பே வந்திருந்தது. ஏழை நாடொன்றில் தாய்சேய் மரணங்கள் இவ்வளவு குறைந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். ஆனால் இங்கே 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் எல்லோரும் இருக்கவில்லை. என்.எச்.எஸ். தொடங்கிய 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்களின் சுகாதாரம் நீண்டகாலம் அரசின் பொறுப்பில் அல்லாமல் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தது.

வடக்கு கிழக்கில் யுத்தம் வைத்தியசாலைகளையே விட்டுவைக்கவில்லை. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களாகியும் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு வரவு செலவுத் திட்டத்தின் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. 2022 நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். காசு இல்லை என்று எங்களுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும், எதற்குக் காசு இருக்கிறது என்று திருப்பிக் கேட்கலாம். பெவன் தன் பதவியைக் கொடுத்துக் கேட்ட கேள்வி அது.

பெயர் பட்டியலில் வந்த குடும்பங்களுக்குக் கிடைப்பதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அது அவர்களுக்கு வேண்டும். ஆனால் அரச வைத்தியசாலையும் அரச பாடசாலையும் பட்டியல் பார்க்காமல் எங்களை உள்ளே விடும் கடைசி இடங்கள். கொட்டிலில் இருப்பவரும் கல்வீட்டில் இருப்பவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த இரண்டிலும் கட்டணம் என்றோ தகுதி என்றோ யாராவது பேசத் தொடங்கினால், அது பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைப் பற்றிய சண்டையாக மாறுவதற்கு முன் நாங்கள் ஒன்றாகப் பேச வேண்டும்.

ட்ரெடீகருக்கு மேலே உள்ள மலைமேட்டில் பெவனின் நினைவாக நான்கு கற்கள் நிற்கின்றன. பெரியது அவருக்கு. மற்ற மூன்றும் அவர் பிரதிநிதித்துவப்படுத்திய மூன்று ஊர்களான எபு வேல், ட்ரெடீகர், ரிம்னி ஆகியவற்றுக்கு. அவர் தன் தொகுதி மக்களோடு பேசக் கூட்டம் கூட்டிய இடம் அது.